நிலையிச் சுருணை: சொல் விளக்கம்

மின்னாக்கியில் (ஜெனரேட்டரில்) அசையாமல் நிற்கும் பகுதியை ஸ்டேட்டர் என்கிறோம். ‘நிற்றல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல், மின்பொறியியலுக்கு வருமுன் ரோமானியரின் யூப்பிட்டருக்கு அடைமொழியாக இருந்தது. போர்க்களத்தில் புறங்காட்டி ஓடுவோரை நிற்கவைப்பவர் என்பது அதன் கருத்து. தமிழிலும் ‘நில்’ என்னும் அடியிலிருந்தே நிலையகம், நிலையி என இரு சொற்களை ஆக்கியிருக்கிறார்கள். மின்நிலையத்தைப் பற்றி எழுதுகையில் நிலையகம் என்றால் படிப்பவர் தடுமாறக்கூடும் என்பதாலும், சுழலும் பகுதியான ரோட்டாரைக் குறிக்கும் சுழலி என்பதற்கு இணையாக அமைவதாலும் நிலையி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நிலையியில் மின்சாரம் பாயும் செம்புச் சுற்றான வைண்டிங் என்பதற்கு வழங்கும் சுருணை, சுருள் என்பதன் இனச்சொல். ஓலைச் சுருளையும் வீடு மெழுகும் துணியையும்கூடக் குறித்த பழஞ்சொல். பட்டறைகளில் இவ்வேலையைக் ‘காயில் கட்டுதல்’ என்பார்கள். கிணற்று மோட்டாரில் செம்புக் கம்பியை உண்மையாகவே சுற்றுவதால் அங்கே இரண்டு சொற்களும் பொருந்தும். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் உள்ளவை போன்ற, 15,750 வோல்ட் தரும் 210 மெகாவாட் மின்னாக்கிகளிலோ யாரும் எதையும் சுற்றுவதில்லை. நிலையியின் உட்புறத்தில் வெட்டியுள்ள நீள்பள்ளமான ஒவ்வொரு காடியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு செம்புத் தண்டுகளை இறக்கி, அவற்றின் முனைகளைப் பற்றாசு வைத்து இணைப்பதால்தான் சுருணை உருவாகிறது. தண்டு என்பதும் ஒற்றைச் செம்பு அன்று. தனித்தனியே மின் கசியாதபடி காப்பிட்ட மெல்லிய பட்டைகள் பலவற்றை, நீளவாக்கில் ஒன்றோடொன்று இடம் மாறிச் செல்லும்படி அடுக்கியது. பட்டைகளுக்கிடையே வீண் மின்னோட்டம் சுற்றிவந்து சூடேறாமல் தடுக்கும் இந்த அமைப்பை 1912-இல் உருவாக்கியவர் பிரவுன் போவேரி நிறுவனத்தின் லுட்விக் ரோபெல். ஆகவே இதை ரோபெல் தண்டு என்பார்கள். ரீவைண்டிங் என்பதை ‘மறுசுற்று’ என்று பெயர்ப்பதைவிடத் ‘தண்டு மாற்றுதல்’ என்பது, நடக்கும் வேலையை நேராகச் சொல்கிறது.

பராமரிப்பில் இரண்டு சொற்கள் முதன்மையானவை. ஒன்று காப்பு: தண்டின்மீது மைக்கா நாடாவைச் சுற்றி எபாக்சிப் பிசினால் இறுக்கிய உறை. மற்றொன்று ஆப்பு: தண்டுகள் வெளியே எழாதபடி காடியின் வாயை அடைப்பது. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம், ஒரு சுழற்சிக்கு இருமுறையாக, தண்டை வினாடிக்கு 100 முறை உலுக்குவதால், ஆப்பு தளர்ந்தால் தண்டு அதிர்ந்து காப்பு தேய்கிறது; தேய்ந்த தூள் எண்ணெய்க் கசிவுடன் சேர்ந்து பசைபோலப் படிந்திருப்பதைக் கண்டே அனுபவசாலிகள் கோளாற்றை அறிந்துகொள்வார்கள். சுழலியை வெளியே எடுத்தபின் ஆப்புகளைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு தளர்வைக் கணிப்பதும் உண்டு. காப்பின் நிலையை அறிய, அதன் மின்தடையை அளக்கும் மெக்கர் கருவியை இணைத்து, அதாவது ‘மெக்கர் போட்டு’, பத்தாம் நிமிடத் தடையை முதல் நிமிடத் தடையால் வகுக்கிறார்கள். இக்காலக் காப்புகளுக்கு இந்த ஈவு பொதுவாக 2-க்குக் குறையலாகாது. முனைவாக்கக் குறியெண் (போலரைசேஷன் இண்டெக்ஸ்) என்னும் அதன் பெயர் நீளமானதுதான், ஆனால் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

மேல்தண்டு பழுதானால் அதை மட்டும் எடுத்து வேறு தண்டு வைக்கலாம். கீழ்த்தண்டு பழுதானாலோ, அதை வெளியே எடுக்க வழியை அடைத்துக்கொண்டிருக்கும் நல்ல மேல்தண்டுகள் பலவற்றையும் தூக்கியாக வேண்டும். தூக்கும்போதே அவற்றின் காப்பு விரிசல் விடக்கூடும் என்பதால், அவற்றுக்கும் மாற்றுத் தண்டுகளை ஆயத்தமாக வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குகிறார்கள்.