விண்டோஸ் 10ஐ அழிக்குமுன் பாமினிக் கோப்புகளைப் பாருங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசசர்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியைக் கழிக்க வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 4 ஜிபி ரெமில் நன்றாக ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 வரை வரும். 32 பிட் புரொசசர் என்றால் மின்ட் 22 ஏறாது. இன்னொரு லினக்ஸான டெபியன் 13உம் 32 பிட் நிறுவியைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12 ஒரு வழி, அதற்கும் திருத்தங்கள் 2028 ஜூன் வரைதான்.

நிறுவுவது ஒரு மணித்தியால வேலை. மலையகத்தின் கொமியூனிகேஷன் கடைகளையும் டியூஷன் வகுப்புகளையும் உண்மையில் தடுமாற வைப்பது பாமினி எழுத்துரு. வருடக்கணக்கில் தட்டச்சு செய்த வினாத்தாள்கள், விண்ணப்பங்கள், கோயில் திருவிழா நோட்டீசுகள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. பாமினிக் கோப்புக்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று பயந்து அழித்துவிடாதீர்கள்.

எனவே முதல் வேலை, விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பாமினிக் கோப்பைப் பென்ட்ரைவில் கொப்பி எடுப்பது. மின்ட் ஏறியதும் ஹோம் ஃபோல்டருக்குள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'fonts' என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியுடன் (.fonts), ஃபோல்டர் உருவாக்கி அதைப் போடுங்கள். புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர் மறைந்திருக்கும். கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் தெரியும். மின்டுடன் வரும் ஆவண மென்பொருளான லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

பாமினியில் புதிதாகத் தட்டச்சு செய்யும்போது இன்னொரு சிக்கல் வரும். வசனத்தின் முதல் எழுத்தை லிப்ரே ஒஃபிஸ் தானாகவே பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சிறிய எம் 'அ', பெரிய எம் 'ஆ'. 'அம்மா' எழுதினால் 'ஆம்மா' வரும். டூல்ஸ் மெனுவின் ஓட்டோகரெக்ட் பகுதியில் அந்தத் தெரிவை நிறுத்திவிடுங்கள்.

புதிய கோப்புகளையாவது, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடில் தொடங்குவதே நல்லது. தமிழ் விசைப்பலகைகளைத் தரும் ஐபஸ் எம்17என் (ibus-m17n) பொதியைப் போட்டு லொக் அவுட் செய்து வந்தால், இலங்கைத் தட்டச்சர்களுக்குப் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகை அங்கேயே கிடைக்கும்.

இனி நிறுவல். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவக்காற்றில் மரம் விழுந்து கரன்ட் போவது வழமை. பழைய ஹார்ட் டிஸ்க்கின் பாகங்களைச் சுருக்கும்போது கரன்ட் போனால், பற்றரியும் செத்த மடிக்கணினியில் தரவு போய்விடக்கூடும். 2.5 அங்குல, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு அதில் நிறுவுங்கள். கணினியின் வேகமும் கூடும். பழைய டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டு ஒரு தவணையாவது அப்படியே வைத்திருங்கள். கழற்றுமுன் விண்டோஸில் பிட்லொக்கர் என்ற டிஸ்க் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்குங்கள், இல்லாவிட்டால் மீட்புச் சாவியைக் கேட்டு மறிக்கும். மின்டின் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) எழுத 8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்று போதும். கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணை, இறக்கிய ஐஎஸ்ஓ கோப்புக்கும் மின்ட் தளத்தில் உள்ளதற்கும் இடையே கட்டாயம் ஒப்பிடுங்கள். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது பாதியில் அறுந்த கோப்புதான் நிறுவலைக் கெடுக்கும்.

பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதை ஆறுதலாகச் செய்யலாம். மாற்றிகள் முழுக் கோப்பையும் பாமினி என்றே எண்ணும். இடையில் வரும் ஆங்கிலத்தையும் தமிழாக்கிவிடும். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் 'வீ' எழுத்து 'ஏ' ஆகிவிடும். பிரதேச செயலகத்துக்குப் போகும் பெயர்ப் பட்டியலில் இது நடந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். ஆகவே பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து மாற்றுங்கள். இலக்க நிரலைத் தொடாதீர்கள்.