கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வருகிறது என்றால், ஊர் எங்கே பேசலாம்?

வேலூர்ப் பக்கம் ‘சுத்திகரிப்பு நிலையம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் மக்கள் முகம் சுளிக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்தப் பகுதி முழுக்கத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். அவற்றின் கழிவு கிணற்றையும் கழனியையும் என்ன செய்தது என்று பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஜனவரி 31 அன்று அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ‘உங்கள் ஊர் எல்லையில் ஒன்று கட்டப்போகிறோம்’ என்று யாராவது வந்தால் ஊர் கலங்கத்தான் செய்யும்.

ஆனால் இரண்டு வகை நிலையங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொழிற்சாலைக் கழிவுக்கு உள்ளது பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். வீட்டுக் குளியலறை, சமையலறை, கழிப்பறைத் தண்ணீருக்கு உள்ளது பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் நிலையம். முன்னதில் குரோமியமும் உப்பும் கவலை. பின்னதில் கிருமியும் நாற்றமும். இந்த இரண்டில் ஊருக்கு உள்ள உரிமைகளும் வேறு வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் தவறான கதவைத் தட்டிப் பல மாதங்களை வீணாக்கியவர்கள் உண்டு.

தோல் தொழிற்சாலை நிலையம் என்றால், மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14ஆம் தேதிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் அது இருக்கிறது. முன் அனுமதி வேண்டும். பொதுவாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். முழுவதும் வீடியோவில் பதிவாகும். ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்: இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. ஊரே புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகவே எழுதப்படும். புறக்கணிப்பு வேறு இடங்களில் ஆயுதமாக இருக்கலாம்; இங்கே அது மேடையைக் காலி செய்து கொடுப்பதாகிவிடும். போக முடியாதவர்கள் கருத்தை எழுத்தில் அனுப்பலாம். ஏற்கெனவே அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் அமையும் திட்டங்களுக்கு இந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு கிடைக்கக்கூடும். அதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக் கழிவுநீர் நிலையம் அந்த அட்டவணையில் இல்லை. ஆகவே இதற்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம் இல்லை. ‘கூட்டமே போடாமல் கட்டுகிறார்கள், சட்டவிரோதம்’ என்று மனு எழுதினால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழு மனுவையும் தள்ளிவிடுவார்கள். இங்கே ஊருக்கான உரிமை ஒரே சட்டத்தில் இல்லை. நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

நகரத்துக்குள் என்றால் பகுதி சபை, வெளியே என்றால் கிராம சபை

வேலூர் மாநகராட்சிக்கு 60 வார்டுகள். 2022இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் ஒரு வார்டு குழு. வார்டைப் பிரித்துப் பகுதி சபைகள். அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் பகுதி சபையின் உறுப்பினர்கள்தான். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் இவை தமிழகத்தில் முதன்முதலாகக் கூடின. நான் போய் உட்கார்ந்த ஒரு கூட்டத்தில் பாதி நாற்காலி காலி. வந்தவர்களும் தெருவிளக்கையும் குப்பை வண்டியையும் பற்றியே பேசினார்கள். அது குற்றமில்லை. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தின் இடம், கழிவுநீரை பம்பு வைத்துத் தள்ளும் உந்து நிலையம் வரும் தெரு, குழாய் போகும் பாதை ஆகியவற்றைக் கேட்பதற்கும் அதுவே இடம். வாயால் சொன்னது காற்றோடு போகும். கேள்வியை எழுதிக் கொடுத்து, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் நிலையத்துக்கான நிலம் நகர எல்லையை ஒட்டிய ஊராட்சியில்தான் தேடப்படும். கழிவு நகரத்துடையது, நிலம் கிராமத்துடையது என்பதே பாதிச் சண்டைக்கு மூலம். அங்கே கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. ‘வேண்டாம்’ என்று ஒரு வரித் தீர்மானம் போடுவதைவிட, எந்த நிபந்தனைகளோடு என்று விவரமாகத் தீர்மானம் போட்ட ஊரின் தாளைத்தான் அதிகாரிகளும் பிறகு நீதிமன்றமும் எடுத்து வைத்துப் படிப்பார்கள் என்பது என் எண்ணம்.

நிலம்

பட்டா நிலத்தை எடுப்பதாக இருந்தால் 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் துணைக்கு வரும். சமூகத் தாக்க மதிப்பீடு செய்து, பாதிக்கப்படும் பகுதியிலேயே பொதுவிசாரணை நடத்த வேண்டும். முதல்நிலை அறிவிக்கை வெளியான 60 நாட்களுக்குள் நில உரிமையாளர் ஆட்சேபணை தெரிவிக்கலாம். இந்த 60 நாள் சத்தமில்லாமல் ஓடிவிடும். வெளியூரில் வேலை பார்க்கும் பங்காளிக்கும் சொல்லிவையுங்கள்.

புறம்போக்கு என்றால் இந்த விசாரணைகள் இல்லை. அப்போது பார்க்க வேண்டியது, அது எந்தப் புறம்போக்கு என்பதை. ஏரியா, ஓடையா, மேய்க்காலா, சுடுகாடா என்பதைக் கிராம ‘அ’ பதிவேடு சொல்லிவிடும். சர்வே எண் தெரிந்தால் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். நீர்நிலைப் புறம்போக்கு என்று தெரிந்தால் அதை முதல் நாளே எழுத்தில் எழுப்ப வேண்டும். அஸ்திவாரம் போட்ட பிறகு எழுப்பினால் ‘இத்தனை கோடி செலவாகிவிட்டதே’ என்ற பதில்தான் வரும்.

என்ன கேட்பது?

எல்லாவற்றுக்கும் மூலம் விரிவான திட்ட அறிக்கை. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். நகல் கேட்பதோடு, கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். வரைபடங்களை நேரில் விரித்துப் பார்த்தால் விளங்குவது நகலில் விளங்காது.

அறிக்கை கையில் வந்ததும் முதலில் கொள்ளளவைச் சரிபாருங்கள். கணக்கு கடினமில்லை. பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் கையேடு சொல்லும் அளவு. அதில் 80 சதவீதம், அதாவது 108 லிட்டர், கழிவாகத் திரும்பும். 2011 கணக்கெடுப்பில் வேலூரும் சுற்றுப்பகுதியும் சேர்ந்து ஏறத்தாழ 4.8 லட்சம் பேர்; பெருக்கினால் நாளுக்கு 5 கோடி லிட்டருக்குச் சற்று மேல். இன்றைய மக்கள்தொகையை வைத்து உங்கள் பகுதிக்கு இதே கணக்கைப் போடுங்கள். சித்திரை வெயிலில் 135 லிட்டர் எந்தக் குழாயில் வருகிறது என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிப்போடு நிறுத்தாமல் அதையும் கேளுங்கள்: தண்ணீர் குறைவாக வந்தால் குழாயில் கசடு தங்கி அடைக்கும், நிலையமும் சரியாக ஓடாது. அறிக்கை எழுதியவர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கணக்கில் எடுத்தாரா, இல்லையா?

அடுத்தது காற்றும் வெள்ளமும். இந்த இரண்டிலும் ஊர்க்காரருக்குத் தெரிந்தது எந்த ஆலோசனை நிறுவனத்துக்கும் தெரியாது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்தால் நாற்றம் எந்தத் தெருவுக்குப் போகும், மார்கழி வாடையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்று கிழவிகள் சொல்வார்கள். பாலாறு வறண்ட ஆறு என்று நினைத்துக் கரையோரம் இடம் குறித்தவர்களுக்கு 2021 நவம்பர் வெள்ளத்தை நினைவூட்டுங்கள். அன்று தண்ணீர் எந்தச் சுவர்வரை ஏறியது என்ற அடையாளம் இன்னும் பல வீடுகளில் இருக்கும்; தேதியோடு படம் எடுத்து மனுவில் இணையுங்கள்.

மூன்றாவது, கசடு. சுத்திகரித்த தண்ணீரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அடியில் தங்கும் கசட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எங்கே காயவைப்பார்கள், யார் எடுத்துப்போவார்கள், மழைக்காலத்தில் எங்கே வைப்பார்கள்? வேறு மாவட்டத்தில் இதை உரமாகக் கொடுக்கிறோம் என்று சொன்னால் தலையாட்டலாம். இங்கே தலையாட்டுவதற்கு முன் குரோமியச் சோதனை உண்டா என்று கேட்க வேண்டும். ஏதாவது ஒரு சிறு பட்டறை இரவோடு இரவாகத் தன் கழிவைப் பாதாளச் சாக்கடையில் திறந்துவிட்டால், கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் செத்துப்போகும், கசடும் நஞ்சாகும். அதைக் கண்டுபிடிக்க நுழைவாயிலில் என்ன ஏற்பாடு என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

மின்சாரம் போனால் உந்து நிலையம் எத்தனை மணி நேரம் தாங்கும், ஜெனரேட்டருக்கு டீசல் செலவு யார் தலையில், அடைப்பை நீக்க இயந்திரம் வாங்குகிறார்களா என்பனவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைக் குழிக்குள் இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்காத திட்டம் அந்தச் சட்டத்தை மீறத் தயாராகிறது என்றே பொருள்.

வெளியேறும் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. 2017 அக்டோபர் அறிவிக்கையின்படி, வேலூர் போன்ற ஊர்களில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (தண்ணீரில் மிஞ்சும் கரிமக் கழிவைக் காட்டும் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள். மலத்திலிருந்து வரும் கிருமியான மலக் கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டரில் 1,000க்குக் கீழ். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் இதைப் போதாது என்று கருதி, 30 என்பதை 10 ஆக இறுக்கியது. எந்த அளவை வைத்து வடிவமைக்கிறீர்கள் என்ற ஒரே கேள்வி பல பொறியாளர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

கட்டிய பிறகும்

எந்த நிலையமும் 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாடு வாரியத்திடம் இசைவாணை, அதாவது அனுமதி, பெற வேண்டும்: நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. இசைவாணைப் பதிவேட்டை, பாதிக்கப்படும் எவரும் அலுவலக நேரத்தில் பார்க்கலாம் என்று பிரிவு 25 சொல்கிறது. கேட்பவர் மிகக் குறைவு. கேட்டால் மறுக்க முடியாது. நிபந்தனை மீறப்பட்டால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம் என்ற கெடுவைக் கவனியுங்கள்.

இதெல்லாம் சாதாரண மக்களால் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பெயரே ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம்’தான். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அழுத்தமாகச் சொன்னது, தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வந்த அந்த வழக்கு. அதே பாலாற்று மாசுக்காக 2025 ஜனவரி 30இலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்பது மறுபக்கம்.

மனு எழுத உட்காருபவர்களுக்கு ஒரு வாசகம் தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ‘நிலையம் இயங்கத் தொடங்கிய நாள்முதல், உள்வரும் நீர், வெளியேறும் நீர், கசடு ஆகிய மூன்றின் மாதாந்திரச் சோதனை முடிவுகளையும் நிலையத்தின் வாயிலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும், மாதிரி எடுக்கும்போது ஊரார் இருவர் உடனிருக்க அனுமதிக்க வேண்டும்.’ திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் ஆட்சியரிடம் ஒன்று, ஆணையரிடம் ஒன்று, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் ஒன்று. மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.