கோப்பி நல்லதுதான், குளிசையோடு மட்டும் வேண்டாம்

"கோப்பி குடிச்சா ஈரலுக்குக் கூடாதாமே?" பாமசிக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உண்மை நேர்மாறு. அளவாகக் கோப்பி குடிப்பவர்களிடம் ஈரல் சுருக்க நோயும் ஈரல் புற்றுநோயும் குறைவாகக் காணப்படுகின்றன. இரண்டாம் வகைச் சலரோகமும் பார்க்கின்சன் நோயும் அப்படித்தான். இவை மக்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் என்பதால், கோப்பிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே, மருந்தாக நினைத்துக் குடியுங்கள் என்று நான் சொல்வதில்லை. குடிக்கிறவரை நிறுத்தச் சொல்வதும் இல்லை.

சீனிக் கணக்கு வேறு. ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு மூன்று கோப்பை என்றால் 36 கிராம். ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் ரின்பாலைச் சேர்க்கவே இல்லை.

எனக்குப் பெரிய தலையிடி விடியற்காலைக் கோப்பிதான். தைரோயிட்டுக்கு மருந்து எடுக்கும் ஒரு அம்மா, டோஸைக் கூட்டியும் டிஎஸ்எச் (தைரோயிட் சுரப்புக் குறைந்தால் இரத்தத்தில் ஏறும் ஹோர்மோன்) இறங்கவில்லை என்று துண்டோடு வந்தார்.

"குளிசையை எதோட போடுறீங்க அம்மா?"

"வேற என்னத்தோட தம்பி, கோப்பியோடதான். விடிய எழும்பினா முதல் அதுதானே."

அந்தத் தைரோயிட் குளிசையை, அதாவது தைரொக்சினை, கோப்பியோடு விழுங்கினால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, குறைந்தது அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம் கழித்துக் கோப்பி குடிக்கலாம். இன்னொன்று: பழக்கத்தை மாற்றியதும், கூட்டிய டோஸ் இப்போது அளவுக்கு மிஞ்சிப் போகலாம். வைத்தியரிடம் சொல்லி, 6 தொடக்கம் 8 கிழமைக்குள் இரத்தத்தைத் திரும்பப் பாருங்கள்.

எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒருக்கால் போடும் அலென்ட்ரோனேற் இதைவிட மோசம். கோப்பியோடு போட்டால் உடலில் சேருவது சுமார் 60 வீதம் குறைகிறது. அது ஏற்கனவே மிகக் கொஞ்சமாகத்தான் சேரும் மருந்து.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையும் இந்த வரிசையில்தான். கோப்பியும் தேத்தண்ணியும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; சாப்பிட்ட கையோடு குடித்தாலும் இதே கதைதான். இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் இரும்பு நன்றாகச் சேரும். கர்ப்ப காலத்தில், கோப்பியில் உற்சாகம் தரும் பொருளான கஃபீன் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மற்றப் பெரியவர்களுக்கு 400 வரை போகலாம். 240 மில்லிலீற்றர் வடித்த கோப்பியில் ஏறத்தாழ 95 மில்லிகிராம் இருக்கும். கடும் கோப்பி என்றால் கூடும்.

இழுப்புக்குத் தியோபிலின் போடுகிறவர்கள் கவனம். அதுவும் கஃபீனும் ஒரே குடும்பம். இரண்டும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். சிப்ரோஃப்ளொக்சசின் என்ற அன்ரிபயோட்டிக் எடுக்கும் நாட்களிலும் கோப்பியைக் குறையுங்கள். கஃபீன் உடலை விட்டுப் போவதை அது தாமதப்படுத்தும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று இடையில் நிறுத்துகிறார்கள் சிலர், நிறுத்த வேண்டியது கோப்பியை.

கோப்பைக்குள் தூளும் சீனியும் போட்டுக் கொதிதண்ணி ஊற்றி, அடியில் மண்டி தங்கத் தங்கக் குடிப்பதுதான் எங்கள் வழக்கம். ருசி அதில்தான், மறுக்கவில்லை. ஆனால் வடிக்காத கோப்பியில் கஃபெஸ்ரோல் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. கெட்ட கொலஸ்ரோலை ஏற்றும். கடதாசி வடிகட்டி அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். கொலஸ்ரோல் கூடினவர்கள் மாறிப் பார்க்கலாம். ஆவி பறக்கப் பறக்கக் குடிப்பதையும் விடுங்கள். 65 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானம் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக் கூடும் என்று 2016இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்தது. அதே அறிவிப்பில், கோப்பி மீது முன்பிருந்த சந்தேகத்தையும் எடுத்துவிட்டது.

கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வேண்டுமென்றால், சீனி போடாத கோப்பியும் கூடாது, தண்ணீர் மட்டும். பிரஷர் பார்க்கவும் அரை மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே கோப்பி வேண்டாம். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் சுடுதண்ணிப் போத்தலில் கோப்பியைக் கொண்டு வாருங்கள். இரண்டையும் முடித்துவிட்டு, ஆறுதலாக வெளியில் இருந்து குடிக்கலாம்.