அந்தக் குதி எங்கே ஊன்றுகிறது?

திருமண வரவேற்பு முடிந்த மூன்றாம் நாள், வீங்கிய கணுக்காலோடு ஒரு மணப்பெண் என் பிசியோதெரபி அறைக்கு வந்தார். காலணியையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதன் குதி நேராக இறங்காமல், பாதி வெட்டிய வளையல்போல் வெளியே வளைந்து போய்த் தரையைத் தொட்டது. அழகுதான், மறுக்கவில்லை. “நாலு அங்குலம்தானே டாக்டர்? இதைவிட உயரமாகவே போட்டிருக்கிறேன்” என்றார்.

எல்லோரும் உயரத்தைத்தான் அளக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது குதியின் நுனி எங்கே ஊன்றுகிறது என்பதை. குதிகால் எலும்புக்கு நேர்கீழே ஊன்றினால் எடை நேராக இறங்கும். பக்கவாட்டில் விலகினால் அடிக்கு அடி கணுக்கால் புரளப் பார்க்கும். போதாக்குறைக்கு, குதி உயர்ந்து பாதம் கீழ்நோக்கிச் சாயும்போது, கணுக்கால் எலும்பின் குறுகலான பின்பகுதிதான் மூட்டுக்குள் வந்து அமர்கிறது, பிடிப்பு தளர்கிறது. அந்தத் தளர்வைத் தசைகள்தாம் ஈடுகட்ட வேண்டும். வரவேற்பு மேடையில் மூன்று மணி நேரம் நின்ற தசைகள் களைத்திருந்தன. இறங்கும் படியில் கால் பிசகிவிட்டது.

காலணிக் கலைஞர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். இத்தாலியரான சல்வத்தோரே ஃபெரகாமோ அமெரிக்காவில் உடற்கூறியல் படித்தவர்; பாத வளைவைத் தாங்கக் காலணிக்குள் எஃகுத் தகடு வைத்தவர். ஆனால் ஃபேஷன் மேடையின் கணக்கே வேறு. 1993இல் பாரிஸில் வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டின் காலணியில் மாடல் நவோமி கேம்ப்பெல் தடுமாறி விழுந்து, சிரித்தபடி எழுந்தார். 2009இல் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் காட்டிய ‘ஆர்மடில்லோ’ காலணி ஏறத்தாழ 30 செ.மீ. உயரம். மாடல்கள் சிலர் அதை அணிய மறுத்துவிட்டார்கள். அணிந்து நடந்தவர்களில் ஒருவரும் விழவில்லை. நடப்பதே தொழிலாகக் கொண்டவர்கள், அதுவும் சில நிமிடங்கள்தான்.

வாங்கும்போது காலணியை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதி நடுவில் ஊன்றுகிறதா? விரலால் பக்கவாட்டில் தட்டினால் நெடுநேரம் ஆடுகிறதா? இரு முனைகளையும் பிடித்து வளைத்தால் விரல்களின் அடியில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடங்கினால், விலை என்னவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தினமும் ஹீல்ஸ் அணிகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். 2010இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள், ஆண்டுக்கணக்கில் ஹீல்ஸ் அணிந்த பெண்களை ஆராய்ந்தபோது, கெண்டைக்கால் தசை இழைகள் சுமார் 13 விழுக்காடு குட்டையாக இருந்தன. குதிகால் தசைநாணும் தடித்து விறைத்திருந்தது. வெறுங்காலில் நடந்தால் வலிக்கிறது என்று இவர்கள் சொல்வது பொய்யல்ல. ஒரே நாளில் தட்டைச் செருப்புக்கு மாறாதீர்கள். சில வாரங்களில் படிப்படியாக உயரத்தைக் குறையுங்கள். மாலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்கி அரை நிமிடம் நில்லுங்கள். காலணி இல்லாமல்.