சுற்றியிருக்கும் ஊர் யாருடையது?

கட்டடம் எழும்பும் முன்பே அதைக் கணினியில் படமாக்கித் தருவது எங்கள் வேலை. அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது. ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு நாங்கள் செய்துகொடுத்த ஏரியல் வியூ (வானிலிருந்து பார்ப்பது போன்ற படம்), ப்ரோஷரின் நடுப்பக்கத்தில் முழு அகலத்துக்கு வர இருந்தது. அப்போது கிளையன்ட்டின் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கட்டடம் நீங்கள் செய்தது, சரி. சுற்றியிருக்கும் ஊர் யாருடையது?"

என்னிடம் பதில் இல்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது. கூகுள் எர்த்தில் துண்டு துண்டாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டி, கீழே ஓரத்தில் இருந்த பெயர்களை ஃபோட்டோஷாப்பில் அழித்து, அதன் மேல் எங்கள் 3டி கட்டட மாடலை வைத்து ரெண்டர், அதாவது நிஜம் போன்ற கணினிப் படம், எடுத்திருக்கிறோம். தப்பு என்று தெரிந்து யாரும் செய்யவில்லை. ஆனாலும் தப்புதான்.

கூகுள் எர்த் ப்ரோ 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த 'இலவசம்' மென்பொருளோடு நின்றுவிடுகிறது, படம் அதில் சேராது. ஒருமுறை திறந்து கவனித்துப் பாருங்கள். உயரத்தில் இருக்கும்போது கீழே லேண்ட்சாட், கோப்பர்நிக்கஸ் என்று அமெரிக்க, ஐரோப்பியச் செயற்கைக்கோள் திட்டங்களின் பெயர்கள் வரும். இறங்க இறங்க மேக்ஸார் (2025 முதல் வான்டோர்), ஏர்பஸ் என்று தனியார் நிறுவனப் பெயர்களாக மாறும். படம் எடுத்தவர்கள் அவர்கள். கூகுள் அவர்களிடம் உரிமம் பெற்றுக் காட்டுகிறது. அந்தப் பெயரை அழிக்கவே கூடாது. சரி, பெயரை அப்படியே விட்டுவிட்டால் போதுமா? போதாது. படத்தின் மேல் கோடிழுத்துக் கட்டட எல்லைகளை எடுப்பதையும், கூகுள் எர்த்தின் 3டி காட்சியிலிருந்து மாடல் உருவாக்குவதையும் கூகுளின் விதிமுறைகள் தடுக்கின்றன. நம் துறையில் தினமும் நடப்பது இந்த இரண்டும்தான்.

"மரம் வைத்தாச்சு, கலர் மாத்தியாச்சு, இனி இது நம்ம படம்" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடியில் கிடப்பது அடுத்தவர் படம் என்றால், மேலே எவ்வளவு வேலை செய்தாலும் அவருடைய பதிப்புரிமை போய்விடாது.

நிஜமாகவே தடையில்லாத படங்களும் உண்டு. லேண்ட்சாட் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களுக்கு மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். ஆனால் அதில் ஒரு பிக்சல் 10 மீட்டர். ஒரு வீடே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். மலை, ஆறு, கடற்கரை காட்டும் இட வரைபடத்துக்கு அருமையாக இருக்கும். மொட்டைமாடி தெரிய வேண்டிய ரெண்டருக்கு ஆகாது. பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற சில நாடுகள் தங்கள் வான்வழிப் படங்களையே திறந்த உரிமத்தில் தருகின்றன. உங்கள் மனை அங்கே இருந்தால் அதிர்ஷ்டம்.

மற்றபடி காசு கொடுத்துதான் வாங்க வேண்டும். வேர்ல்ட்வியூ-3 என்ற தனியார் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் ஒரு பிக்சல் சுமார் 31 சென்டிமீட்டர், கார்கள் தெரியும். ஆனால் 'வாங்கிவிட்டோம்' என்று நிம்மதியாகிவிடக் கூடாது. பல உரிமங்கள் அலுவலகத்துக்குள் பயன்படுத்த மட்டுமே. ப்ரோஷர், இணையதளம், ஹோர்டிங் எல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். வாங்குவது நாம், விளம்பரம் செய்வது கிளையன்ட். அவர் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் போர்ட்ஃபோலியோவில் போடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு மனைக்கு என்றால் நான் ட்ரோனைத்தான் சொல்வேன். பறக்க அனுமதி வாங்கியவரா என்று பார்த்து, படங்களின் உரிமை யாருக்கு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூலி கொடுத்ததாலேயே உரிமை கைக்கு வந்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

அன்று கிளையன்ட்டிடம் உண்மையைச் சொல்லி அச்சை நிறுத்தினோம். மனையைச் சுற்றி ட்ரோனில் புதிதாகப் படம் எடுத்தோம். ட்ரோன் படத்தில் நிழல் வேறு பக்கம் விழுந்திருந்ததால், மாடலில் சூரியனைத் திருப்பி வைத்து ரெண்டரை முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் எங்கள் கொட்டேஷனில் 'தளப் படம், உரிமத்துடன்' என்று தனி வரி வந்தது. அந்த வரியை வெட்டச் சொல்லும் கிளையன்ட்டுக்கு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த உரிம வரைபடத்திலிருந்து கட்டட எல்லைகளை எடுத்து, அதன் பெயரையும் ஓரத்தில் போட்டு, சுற்றுப்புறத்தை வெறும் வெள்ளைப் பெட்டிகளாக வைத்துக் கொடுக்கிறோம்.