அடைபட்ட கான் யாருடையது? மலைநாட்டில் மழைத்தண்ணீருக்குப் பொறுப்பானவர்கள்

இலங்கையின் மலைநாட்டு டவுன் ஒன்றில் கான், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வடிகால், அடைத்துக்கொண்டு கடைக்குள் தண்ணீர் ஏறினால் யாரிடம் போய்ச் சொல்வது? உள்ளூராட்சி சபைக்குப் போனால் "அது பெரிய ரோட்டுக் கான், எங்களுடையது இல்லை" என்று பதில் வரலாம். ரோட்டுக்காரரிடம் போனால் "மேலே தேயிலைத் தோட்டத்து மண் வந்து விழுகிறது" என்பார். தோட்டத்தில் கேட்டால் "கடைக்காரர்கள் கானை மூடிக் கொங்கிறீட் போட்டுவிட்டார்கள்" என்று கை காட்டுவார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல். ஆகவே மனு எழுதுவதற்கு முன்னால் அந்தக் கான் யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதையோரக் கான் பாதையைச் சேர்ந்தது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருக்கின்றன. ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் போகும் ஏ7, பேராதனையிலிருந்து பதுளைக்குப் போகும் ஏ5 எல்லாம் அந்த வகை. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. டவுனுக்குள் இருக்கும் மற்றப் பாதைகளும் சந்துகளும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று எது உங்கள் இடத்துக்கு உரியதோ அதனுடையவை. தோட்டத்துக்குள் ஓடும் பாதையைச் சபை பொறுப்பேற்காத வரைக்கும் அது தோட்ட நிர்வாகத்துக்குரியது.

டவுனுக்குள் வீடோ கடையோ கட்டுகிறவர் சபையில் வரைபடம் அனுமதி எடுக்கும்போது கூரைத்தண்ணீர் எங்கே இறங்கி எங்கே போகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். கூரைப் பீலியைப் பக்கத்து வளவுக்குத் திருப்பிவிடுவது, குசினித் தண்ணீரையும் கக்கூஸ் குழாயையும் மழைக்கானில் சேர்ப்பது இரண்டுமே கூடாது. இரண்டாவதைப் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். அதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். கண்டி நகரத்துக் கான்கள் மெத எல என்ற கால்வாய் வழியாக மகாவலிக்குப் போகின்றன. மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தண்ணீர் மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களில் தங்கிக் களனி கங்கையாக இறங்குகிறது. கொழும்புக்காரர்கள் பெரும்பாலும் குடிப்பது அந்தக் களனித் தண்ணீரைத்தான்.

சரிவில் கட்டுவதற்கு இன்னொரு படியும் உண்டு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் 2011 முதல், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை இல்லாமல் உள்ளூராட்சி சபை கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் இதில் அடங்கும். அறிக்கை கைக்கு வந்ததும் பலர் 'கட்டலாமா, கூடாதா' என்பதை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் பற்றிய நிபந்தனைகளையும் வாசியுங்கள். மலையை வெட்டி வீட்டுக்குப் பின்னால் மதில் கட்டினால், மதிலுக்குள் ஊறும் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் வேண்டும், மேலே இருந்து வரும் தண்ணீரை மறித்துப் பக்கவாட்டில் கொண்டுபோக ஒரு கான் வேண்டும். ஓட்டைகளைச் சீமெந்து பூசி அழகாக அடைத்துவிடுகிற மேசன் பாஸ்மாரும் இருக்கிறார்கள். அப்படி அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கித் தேங்கி, மழை ஓய்ந்த பிறகுகூட மதிலைத் தள்ளிவிடும்.

மண்ணைப் பொறுத்தவரை அடிப்படைச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம். 1996 இல் அது திருத்தப்பட்டது. மண்ணரிப்பு ஏற்படும் இடங்களை வர்த்தமானியில் அறிவித்து, அங்கே காணி வைத்திருப்பவர் மண்ணைக் காக்க என்ன செய்ய வேண்டும் என்று விதிக்க இச்சட்டம் இடம் கொடுக்கிறது. விவசாயத் திணைக்களம்தான் இதைப் பார்க்கிறது. தேயிலை மலையானாலும் வெலிமடையில் உருளைக்கிழங்குப் பாத்தியானாலும் இது பொருந்தும். பாத்தியை மேலிருந்து கீழாகப் போடுகிற தோட்டத்திலிருந்து ஒரு மழைக்கு எவ்வளவு மண் இறங்குகிறது என்பதைப் பார்க்க, கீழே உள்ள மதகில் போய் நின்றால் போதும்.

பழைய தேயிலை மலைகளில் கான் வெட்டியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். சரிவுக்குக் குறுக்காக ஓடும் கானுக்குள் கொஞ்சத் தூரத்துக்கு ஒரு மண் தடுப்பு விட்டிருப்பார்கள். அதன் உயரம் கான் விளிம்பைவிடக் குறைவு. தண்ணீர் தேங்கி, மண் அடியில் படிந்து, தெளிந்த தண்ணீர் மட்டும் தடுப்பைத் தாண்டி அடுத்த குழிக்குப் போகும். ஆனால் படிந்த மண்ணை யாராவது மம்பட்டியால் அள்ளி எடுக்க வேண்டும். கொழுந்து நிறுக்கிற மாதிரி இந்த வேலையின் பலனை அன்றன்றைக்கு நிறுத்துக் காட்ட முடியாது. ஆள் குறையும்போது கான் வெட்டுதான் முதலில் நின்றுபோகிறது என்பது என் கணிப்பு.

அப்புறம் லயத்துக் கான், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் கான். இங்கேதான் பல காலமாக மக்களை அலைய வைத்தார்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு கிராமத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதைக் காட்டி, தோட்டக் குடியிருப்புக்குச் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று சொல்லிவந்தார்கள். வாக்கு மட்டும் தோட்டத்தில் கேட்டார்கள். 2018 இல் 30 ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பிரிவைத் திருத்தியது. தோட்ட நிர்வாகத்துடன் கலந்து பேசி, தோட்டக் குடியிருப்புகளுக்கும் பாதை, கிணறு, மற்றப் பொது வசதிகள் செய்து கொடுக்கச் சபைக்கு இப்போது அதிகாரம் இருக்கிறது. செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "சட்டத்தில் இடமில்லை" என்ற பதில் இனிச் செல்லாது. அதே காலத்தில் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் வந்ததால், பலருக்கு அலுவலகமும் கிட்டவே வந்துவிட்டது.

மனுவைச் சபைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும் எழுதுங்கள். பிரதிகளைத் தோட்ட முகாமையாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் கொடுங்கள். கான் எங்கே தொடங்கி எங்கே அடைபடுகிறது, அதற்குக் கீழே எத்தனை வீடுகள் என்று எழுதி, மழை நேரத்தில் எடுத்த படத்தை இணையுங்கள். வெயிலில் எடுத்த படத்தில் எந்தக் கானும் நல்ல கான்தான். லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தாலோ மனுவுக்குக் காத்திருக்காமல் 117 க்கு அழையுங்கள். அது இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மலை இறங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். சபையின் தகவல் அலுவலரிடம் கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்: இந்த வட்டாரத்தில் வடிகானுக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எந்தக் கானுக்குச் செலவானது, எங்கள் மனு இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவுசெய்ய வேண்டும். மறுத்தால் அதே சபையில் மேன்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.