கான்ஃபரன்ஸ்: மாநாடா, கூட்டமைப்பா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துப் பள்ளி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) செய்தி ஒன்றை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன். 'மாரியன் லோக்கல் பள்ளி மாநாட்டில் தோற்கவில்லை' என்று வந்தது. ஏதோ பட்டிமன்றத்துக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. உண்மையில் அவர்கள் ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு மோதியவர்கள். தப்பு செயலியுடையது மட்டுமல்ல. செய்தியில் கான்ஃபரன்ஸ் என்று இருந்தது, தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பள்ளிகளின் தொகுதியை. ஆனால் கான்ஃபரன்ஸ் என்றால் மாநாடு என்றுதான் நம் அகராதிகளும் சொல்கின்றன.

சொல்லின் வேர் லத்தீன். 'கான்' என்றால் சேர்ந்து, 'ஃபெர்ரே' என்றால் கொண்டு வருதல். ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்ப்பது என்பது முதற்பொருள். பிறகு கருத்துகளைக் கொண்டுவந்து கூடிப் பேசுவதற்கு அது பெயரானது. நம் அலுவலகங்களின் கான்ஃபரன்ஸ் ஹாலும் கான்ஃபரன்ஸ் காலும் இந்தப் பொருளில்தான் இருக்கின்றன.

சரி, கூடிப் பேசுவது எப்படி விளையாட்டு அணிகளின் பெயரானது? அதற்கு 1895 ஜனவரியில் சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஓட்டலுக்குப் போக வேண்டும். பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் கூட்டிய கூட்டம் அது. ஏழு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கலந்துகொண்டார்கள். ஒழுங்காகப் படிக்கும் மாணவன்தான் கல்லூரி அணியில் ஆட வேண்டும், வெளியாளை இறக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. மறு ஆண்டு பிப்ரவரியில் அதே ஓட்டலில் ஆசிரியப் பிரதிநிதிகள் கூடி அமைப்பை முறைப்படி தொடங்கினார்கள். 'கல்லூரிகளுக்கிடையிலான ஆசிரியப் பிரதிநிதிகள் மாநாடு' என்பதுதான் அதன் நீளமான பெயரின் பொருள். அன்றைக்கு மாநாடு என்று மொழிபெயர்த்திருந்தால் முழுக்கச் சரி!

கூட்டம் முடிந்து ஆசிரியர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். விதிகளும், ஒருவரோடொருவர் ஆடும் வழக்கமும் நிலைத்துவிட்டன. கூட்டத்தின் பெயர் கூடியவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. அதுதான் இன்றைய பிக் டென் கான்ஃபரன்ஸ். 1990இல் பதினோராவதாக ஒரு பல்கலைக்கழகம் சேர்ந்தபோது பெயரை மாற்ற மனமில்லாமல், சின்னத்தில் TEN என்பதன் T எழுத்தின் இருபுறமும் உள்ள வெற்றிடத்தில் 11 என்ற எண்ணை ஒளித்து வைத்தார்கள். 2024 முதல் பதினெட்டு பல்கலைக்கழகங்கள். பெயரில் இன்னும் பத்துதான்.

கூடுவதன் பெயர் கூடியவர்கள்மேல் ஒட்டிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. மன்று என்பது ஊர்ப் பொதுவிடம். அங்கே கூடியவர்களைக் குறித்து, இன்று ரசிகர் மன்றம் வரை வந்துவிட்டது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர் என்ற சொல்லே ஊரையும் குறிக்கும், ஊர்ச்சபையையும் குறிக்கும்.

பல்கலைக்கழகங்களைப் பார்த்துப் பள்ளிகளும் இப்பெயரை எடுத்துக்கொண்டன. என் உதாரணம் ஒஹாயோவின் மேற்கு ஓரத்தில், இந்தியானா எல்லையை ஒட்டி இருக்கும் மிட்வெஸ்ட் அத்லெடிக் கான்ஃபரன்ஸ். 1970களின் தொடக்கத்தில் உருவானது. சுருக்கமாக மேக் என்பார்கள். அதே மாநிலத்தில் பிறந்த ஒரு பல்கலைக்கழகக் கான்ஃபரன்ஸும் மேக்தான் என்பதால், எந்த மேக் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஜெர்மானியக் கத்தோலிக்கர்கள் குடியேறிய விவசாயப் பகுதி. சோள வயல்களுக்கு நடுவே தேவாலயக் கோபுரம் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

2024 சீசனில் இதில் ஃபுட்பால் ஆடியவை பத்துப் பள்ளிகள்: மாரியன் லோக்கல், கோல்ட்வாட்டர், செயின்ட் ஹென்றி, ஃபோர்ட் ரெகவரி, பார்க்வே, மின்ஸ்டர், நியூ பிரெமன், வெர்சேல்ஸ், டெல்ஃபஸ் செயின்ட் ஜான்ஸ், அன்னா. (வெர்சேல்ஸ் என்பது பிரான்ஸின் வெர்சாய் என்ற பெயர்தான், உள்ளூரார் தங்கள் வாய்க்கு வந்தபடி மாற்றிக்கொண்டார்கள்.) இந்த உறுப்பினர் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. நியூ நாக்ஸ்வில் பள்ளியும் உறுப்பினர்தான், ஆனால் அங்கே ஃபுட்பால் அணியே கிடையாது. அன்னா பள்ளி நேர் எதிர்: மற்ற விளையாட்டுகளை வேறொரு அமைப்பில் ஆடிவிட்டு ஃபுட்பாலுக்கு மட்டும் இங்கே வரும்.

பத்து அணிகள் என்றால் ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள்ளேயே ஒன்பது ஆட்டம். வழக்கமான சீசன் பத்து வாரம். ஆக, வெளியே எதிராளி தேட வேண்டியது ஒரே ஒரு வாரத்துக்குத்தான். சின்னப் பள்ளிக்குக் கான்ஃபரன்ஸ் தரும் பெரிய நிம்மதி இதுதான். அப்புறம் இன்னொன்று: ஒஹாயோவில் பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிந்தபின் மாநிலப் பட்டத்துக்காக நடக்கும் ஆட்டங்களுக்கு, தகுதி புள்ளிக் கணக்கில் வருகிறது. நீங்கள் ஜெயித்தால் புள்ளி. நீங்கள் ஜெயித்த அணி வேறு யாரையாவது ஜெயித்தால் அதற்கும் உங்களுக்குப் புள்ளி. பக்கத்து ஊர்க்காரன் வலுவாக இருந்தால் நமக்கும் லாபம். இங்கே பக்கத்து ஊர்க்காரர்கள் ரொம்பவே வலுவானவர்கள். மாரியன் லோக்கல் 2000 முதல் 2024 வரை பதினைந்து மாநிலப் பட்டங்கள் வென்றிருக்கிறது. கோல்ட்வாட்டர் 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்கு. பள்ளியின் அளவைப் பொறுத்துப் பிரிவுவாரியாகப் பட்டம் தருவார்கள்; 2022இல் ஆறாம் பிரிவுப் பட்டம் மாரியன் லோக்கலுக்கு, ஏழாம் பிரிவுப் பட்டம் நியூ பிரெமனுக்கு.

இதை மனதில் வைத்துக்கொண்டு டெக்சஸ் போனால் சொல் காலை வாரிவிடும். அங்கே பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக், மாணவர் எண்ணிக்கையை வைத்து 1ஏ முதல் 6ஏ வரை பள்ளிகளைத் தரம் பிரிக்கிறது. அந்தத் தரத்துக்குத்தான் கான்ஃபரன்ஸ் என்று பெயர். 1ஏ என்றால் 105 மாணவர்கூட இல்லாத பள்ளி. அணிக்கு ஆறே பேர் ஆடும் ஃபுட்பால் அங்கேதான். ஒருவரோடொருவர் ஆடும் அண்டைப் பள்ளிகளின் தொகுதிக்கு டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். அதையும் பள்ளிகள் முடிவு செய்வதில்லை; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேலிடம் கலைத்து அடுக்கும். தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லிலோ ஒரே லீக்கின் இரண்டு பாதிகளுக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர்.

ஆகவே எல்லா இடத்துக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடுவது வீண் வேலை. தொகுதியை யார், எதற்காக உண்டாக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். டெக்சஸுக்குத் 'தரம்' போதும். என்எஃப்எல்லுக்குப் 'பிரிவு'. பள்ளிகள் தாமாகச் சேர்ந்துகொண்ட ஒஹாயோ மாதிரிக்குக் 'கூட்டமைப்பு' பொருந்தும். 'கூட்டணி' என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. கூட்டணி வெளியாளை எதிர்க்கச் சேர்வது, இவர்கள் ஒருவரையொருவர் எதிர்க்கவே சேர்ந்தவர்கள். 'சங்கம்' என்றாலும் தப்பில்லை, ஆனால் மாநில அளவிலான பள்ளி விளையாட்டுச் சங்கம் தனியாக இருப்பதால் குழப்பம் வரும்.

செயலி தந்த வரியை இனி இப்படித் திருத்தலாம்: 'மாரியன் லோக்கல் பள்ளி கூட்டமைப்பு ஆட்டங்கள் ஒன்பதிலும் வென்றது.'